டெல்டாவிலிருந்து காலநிலைத் திரைப்பட விழாவுக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கடைமடை ஊர் எங்களுடையது, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். சில ஆண்டுகளாக நாலைந்து பேராகச் சேர்ந்து, நகரத்தில் நடக்கும் காலநிலைத் திரைப்பட விழாக்களுக்குப் போய் வருகிறோம். திரும்பி வந்தால் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். அவற்றுக்குச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காலநிலைத் திரைப்பட விழா என்றால் என்ன? அங்கே என்ன காட்டுவார்கள்?

மழை தப்புவது, வெயில் ஏறுவது, கடல் உள்ளே வருவது, காடு எரிவது, இவற்றுக்கு நடுவே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது. இவற்றைப் பற்றிய ஆவணப்படங்களும் குறும்படங்களும்தான் அதிகம். ஒன்றிரண்டு கதைப்படங்களும் இருக்கும். சில விழாக்கள் ஒரு நாளில் முடியும், சில ஒரு வாரம் வரை போகும்.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. வாஷிங்டனில் சுற்றுச்சூழல் திரைப்பட விழா 1993-இல் தொடங்கியது. டெல்லியில் ‘வாதாவரண்’ விழா 2002-இல் வந்தது. ‘ஆல்ட் இஎஃப்எஃப்’ என்ற விழா 2020-இல் தொடங்கி, இப்போது இந்தியாவின் பல நகரங்களில் திரையிடுகிறது. நியூயார்க்கில் காலநிலைக்கென்றே ஒரு தனி விழா 2024-இல் ஆரம்பித்தார்கள். சென்னையில் என்றால் கல்லூரி அரங்குகளைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் உள்ள கதே இன்ஸ்டிடியூட், அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். பெரிய விழா இல்லாத மாதங்களிலும் அங்கே திரையிடல்கள் நடக்கும்.

நாங்கள் தினமும் வயலில் பார்ப்பதைத்தானே காட்டப் போகிறார்கள்? அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

முதல் தடவை நானும் இதே கேள்வியோடுதான் போனேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, ஓட்டு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். விடிந்து வெளியே வந்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. எனக்குப் புயலைப் படம் போட்டு யார் காட்ட வேண்டும்?

ஆனால் அரங்கில் நான் பார்த்தது வேறொரு நாட்டுக் கடலோர ஊர். உப்பு ஏறிய வயலில் ஒருவர் குனிந்து, மண்ணை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் மாமா தன் வயலில் செய்தது அதேதான். அந்த மனிதரின் மொழி எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் இருந்தது என்னவென்று தெரிந்தது. நமக்கு வந்தது நம் தலையெழுத்து, நம் ஊரின் தோஷம் என்று அதுவரை மனதுக்குள் ஒரு மூலையில் கிடந்த எண்ணம் அன்றைக்கு விட்டுப் போயிற்று.

மீகாங் டெல்டாவில் உப்புநீர் ஆற்றின் வழியே மேலேறுகிறது. சுந்தரவனத்தில் 2009-இல் அய்லா புயல் வந்து வயல்களை உப்பாக்கியபின், விவசாயிகள் உப்பைத் தாங்கும் பழைய நெல் ரகங்களைத் தேடிப் போனார்கள். நாகப்பட்டினம் கடலோரத்துக்காரர்களுக்குக் குழியடிச்சான் நெல் எப்படியோ, அவர்களுக்கு அந்த ரகங்கள் அப்படி. அணைகளில் வண்டல் தங்கிவிடுவதால் பல டெல்டாக்களுக்குப் புதுமண் வருவது குறைந்து, நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது. இதையெல்லாம் ஒரு இருட்டு அறையில் இரண்டு நாள் தொடர்ந்து பார்க்கும்போது ஏற்படும் புரிதல், செய்தித்தாளில் துண்டு துண்டாகப் படித்து எனக்கு வந்ததில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய காரணம். அந்த அரங்குகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்காரர்கள். நல்லவர்கள், அக்கறை உள்ளவர்கள். ஆனால் சேற்றில் இறங்கியவர்கள் அங்கே மிகக் குறைவு. ஒரு டெல்டாவைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது டெல்டாவிலிருந்து ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்த மாதத்தில் போவது? வேலையை விட்டுவிட்டு எப்படி வருவது?

நியாயமான கேள்வி. சென்னையில் பொதுவான திரைப்பட விழாக்கள் மார்கழியை ஒட்டி வரும். அப்போது நமக்குச் சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும், வடகிழக்குப் பருவமழை எப்போது எதைச் செய்யும் என்று தெரியாது. அந்த நேரத்தில் ஊரை விட்டுக் கிளம்ப மனம் வராது. நான் யாரையும் கிளம்பச் சொல்வதும் இல்லை.

சுற்றுச்சூழல் படங்களுக்கு இன்னொரு பருவம் உண்டு. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அதையொட்டிப் பல ஊர்களில் திரையிடல்கள் நடக்கும். மேட்டூர் திறப்பதற்கு நாம் கணக்கு வைத்திருக்கும் ஜூன் 12-க்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். அணையில் தண்ணீர் இருக்கிற ஆண்டில் அந்த வாரம் நாற்றங்கால், உழவு என்று கை ஓயாது. தண்ணீர் இல்லாத ஆண்டில் காத்திருப்பதுதான் வேலை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை கடைசி வரை காத்திருந்தோம். ஆகவே முன்கூட்டியே தேதி குறித்து டிக்கெட் எடுக்க விவசாயிக்கு முடியாது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் ஆண்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த பிறகு வரும் சிறு திரையிடல்கள் இன்னும் வசதி.

எப்படிப் போவது?

சென்னைக்கு இரவு ரயில்தான் நல்லது. தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகிறது. மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்குக் காரைக்கால் ரயில். பகலில் திரும்ப வேண்டும் என்றால் சோழன். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோ அங்கேயே கிடைக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள், வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். 2023 டிசம்பர் கடைசியில் அந்த முனையம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகளுக்கு அதுதான் எல்லை. அங்கிருந்து நகரத்துக்குள் இன்னும் சுமார் 30 கிலோமீட்டர். காலை முதல் படத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இலவசம் என்கிறார்கள். அப்புறம் எதற்குப் பெயர் பதிவு செய்யச் சொல்கிறார்கள்?

பல விழாக்கள் இலவசம்தான். சிலவற்றுக்கு டெலிகேட் பாஸ் என்கிற விழா நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், மாணவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும். இலவசமானாலும் பதிவு கேட்பதற்குக் காரணம் உண்டு. விழாவில் வரும் படங்களில் பெரும்பாலானவை தணிக்கைச் சான்றிதழ் வாங்காதவை. விழாவுக்கென்று அரசிடம் விலக்கு பெற்றுத்தான் காட்டுகிறார்கள். அந்த விலக்கின்படி பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் திரையிடலாம். அதனால் வாசலில் பெயரைக் கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆதார் அட்டையின் நகல் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

பாஸ் இருந்தாலும் இருக்கை உறுதி இல்லை. முதலில் வந்தவருக்கு முதலிடம். அரைமணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

சான்றிதழ் இல்லாத படங்களுக்கு 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே அனுமதிப்பது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனித் திரையிடல் வைக்கும் விழாக்களும் உண்டு. அதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கூட்டிவந்து வாசலில் நிற்க வேண்டாம்.

எங்களுக்கு ஆங்கிலம் வராது. படம் புரியுமா?

உள்ளதைச் சொல்கிறேன், இது சிரமம்தான். பெரும்பாலான படங்களுக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் கீழே எழுத்து ஓடும். தமிழ் எழுத்தோடு ஒரு படம் வந்தால் எங்களுக்குத் திருவிழா மாதிரி. விழா நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தமிழ்நாட்டில் காட்டும் படத்துக்குத் தமிழில் ஒரு பக்கக் கதைச் சுருக்கமாவது அச்சடித்துக் கொடுங்கள். கிராமத்து மக்களைப் பற்றிய படத்தைக் கிராமத்து மக்கள் படிக்க முடியாத எழுத்தோடு காட்டுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

அதுவரைக்கும் நாங்கள் செய்வது இது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்றை உடன் அழைத்துப் போகிறோம். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வந்துவிடும், அதைப் பார்த்து எந்தப் படம் எதைப் பற்றி என்று ரயிலிலேயே அந்தப் பிள்ளை சொல்லிவிடும். கதை தெரிந்துவிட்டால் முக்கால்வாசி காட்சியிலேயே புரியும். நாற்று வாடுவதும் மாடு மெலிவதும் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு படம் போடுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். நாளுக்கு ஒரு முழுநீளப் படம், குறும்படத் தொகுப்பு ஒன்று, அவ்வளவு போதும். பனிக்கரடியும் பனிமலையும் வரும் படங்கள் அழகாக இருக்கும், அவற்றில் ஒன்று பாருங்கள். மற்ற நேரத்தை ஆறு, கடற்கரை, விவசாயம், மீனவர் இவற்றைப் பற்றிய படங்களுக்குக் கொடுங்கள். இயக்குநர் நேரில் வரும் படமாக இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை.

நெல் வயல்தான் பூமியைச் சூடாக்குகிறது என்று ஒரு படம் சொல்கிறதாமே? அதை உட்கார்ந்து கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வயலிலிருந்து வருவதாக அந்தப் படம் சொல்லும் வாயு மீத்தேன், அது நம் பகுதியில் காயம் பட்ட சொல். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தபோது ஊர் ஊராக நடந்து அதை எதிர்த்துப் பேசியவர் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா. 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கத்து அத்திவெட்டியில் இறக்கும்வரை அதே வேலையாகத்தான் இருந்தார். 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதற்குப் பின்னால் அந்த மக்கள் போராட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் ‘உன் வயலே மீத்தேன் விடுகிறது’ என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அறிவியல் சொல்வது உண்மை. தண்ணீர் நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள், மட்கும் தாளையும் வேரையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் உள்குழல் வழியாகவே மேலே வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

சரி, நம் பங்கு எவ்வளவு? 2021-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் நெல் சாகுபடியின் பங்கு உலகம் முழுவதும் சேர்த்துச் சுமார் 8 சதவீதம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் தொழில்களின் பங்கு சுமார் 35 சதவீதம். படம் முதல் எண்ணை மட்டும் சொன்னால், எழுந்து நின்று இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள்.

அதற்குத் தீர்வாகப் படங்களில் காட்டுவது, வயலை நனைத்தும் காயவிட்டும் பயிர் செய்யும் முறை. நம் வேளாண் அலுவலர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். மீத்தேன் வெகுவாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். நல்ல முறை, நான் மறுக்கவில்லை. போர்செட்டு வைத்திருப்பவர் நாளைக்கே செய்யலாம்.

கடைமடைக்காரர் என்ன செய்வார்? வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் தண்ணீர் இந்த முறை வந்தது, அடுத்த முறை வருமா என்று தெரியாதவன் வயலைக் காயவிடத் துணிய மாட்டான். காய்ச்சல் நம் கையில், பாய்ச்சல் நம் கையில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மழையே வயலை மூழ்கடிக்கும், வடிகால் ஆகாயத்தாமரையால் அடைத்துக் கிடக்கும், தண்ணீரை வெளியேற்ற வழி இருக்காது. வடிகாலைத் தூர் வாருவதும் சொன்ன நாளில் வாய்க்காலில் தண்ணீர் விடுவதும்கூடக் காலநிலை நடவடிக்கைதான் என்று நான் ஒரு விழாவில் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இதைச் சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

படம் முடிந்ததும் நாங்களும் பேசலாமா? தமிழில் பேசினால் ஏதாவது நினைப்பார்களா?

தாராளமாகப் பேசலாம். மைக் வரும்போது கையைத் தூக்குங்கள். தமிழில் பேசுகிறேன், யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சென்னை அரங்கில் அதற்கு ஆள் இல்லாமல் போகாது.

நடவு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் ஒருமுறை எங்களோடு விழாவுக்கு வந்தார். வெள்ளத்தில் மூழ்கிய நெல் ஊரைப் பற்றிய வெளிநாட்டுப் படம். முடிந்ததும் எல்லோரும் ஒளிப்பதிவைப் பற்றியும் கொள்கையைப் பற்றியும் கேட்டார்கள். அக்கா எழுந்து, “தண்ணி வடிஞ்சப்பறம் அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு எத்தனை நாள் வேலை இல்லாம போச்சு?” என்று கேட்டார். இயக்குநர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அதை நான் கேட்கவே இல்லை, அடுத்த முறை போகும்போது கேட்பேன் என்றார். நிலம் உள்ளவர்களுக்கு நிவாரணக் கணக்கு இருக்கிறது, நடவு நடுகிறவர்களின் இழந்த நாளுக்குக் கணக்கு இல்லை. அந்தக் கேள்வியை அவரைத் தவிர யாரும் அங்கே கேட்டிருக்க முடியாது.

பேசும்போது சுருக்கமாக, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பிவிட்ட நாள் உங்களுக்கு இருந்தால், அதைச் சொல்லுங்கள். பருவம் தவறிய மழை ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது.

பார்த்தபின் மனம் கனத்துப் போகாதா?

போகும். ஒரு விழாவில் இரண்டாம் நாள் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்தடுத்து மூன்று அழிவுப் படங்களைப் பார்க்காதீர்கள். நடுவில் வெளியே வந்து டீ குடித்துவிட்டு, உடன் வந்தவர்களோடு பேசுங்கள். தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போவது நல்லது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

எங்கள் ஊர்க் கதையை நாங்களே படம் எடுத்து அனுப்ப முடியுமா?

முடியும். அனுப்புங்கள். தரங்கம்பாடியில் கடல் தின்ற கோயில் சுவரும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், கஜாவுக்குப் பின் மறுபடி நட்ட தென்னையும் இன்னும் சரியாகச் சொல்லப்படாத கதைகள்.

கைபேசியே போதும். படுக்கைவாட்டில் பிடித்து எடுங்கள். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள், ஒலி கெட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே முதல் செலவு சட்டையில் குத்தும் சின்ன மைக்காக இருக்கட்டும். நம் பக்கத்துக் கடற்கரைக் காற்றுக்கு அதன்மேல் பஞ்சு உறை கட்டாயம். ஒரே இடத்தை நான்கு பருவத்தில் எடுங்கள்: தண்ணீர் வருமுன், நட்டபின், மழையில், அறுத்தபின். பேசுகிறவரிடம் முன்னாலேயே சம்மதம் கேளுங்கள், எங்கெல்லாம் காட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள். முதல் படம் ஐந்து முதல் பத்து நிமிடம் இருந்தால் போதும்.

பல விழாக்கள் ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையதளம் வழியாகப் படங்களை வாங்குகின்றன. சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு, கட்டணம் இல்லாதவற்றை முதலில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் உடனே யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. விதியைப் படித்த பிறகு ஏற்றலாம்.

அங்கே பார்த்த நல்ல படத்தை நம் ஊரில் போட முடியுமா?

இதற்காகத்தான் கடைசி நாள் வரை இருக்கச் சொல்கிறேன். படம் முடிந்ததும் இயக்குநரிடம் நேராகப் போய், எங்கள் ஊரில் காட்ட அனுமதி தருவீர்களா என்று கேளுங்கள். ஆவணப்படம் எடுப்பவர்களில் பலர் சந்தோஷமாகத் தருவார்கள். அனுமதியைக் கைபேசியில் செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் காட்டாதீர்கள், அது அவர்களின் உழைப்பு.

நாங்கள் பங்குனியில் கோயில் திடலில் போடுகிறோம். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்த திரை கட்டுகிறோம். ஏழரைக்குத் தொடங்கினால் பெண்கள் சமையல் முடித்து வர முடிவதில்லை, எட்டரை என்று வையுங்கள். படத்தை நடுநடுவே நிறுத்தி ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். சொல்கிறவர் முந்தின நாளே இரண்டு முறை பார்த்துவிட வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒருமுறை போனது. யாரும் கலைந்து போகவில்லை. இருட்டிலேயே ஒரு பெரியவர் 1952 புயலில் தங்கள் கூரை பறந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மின்சாரம் வந்த பிறகும் அவர் முடிக்கும்வரை நாங்கள் படத்தைப் போடவில்லை.

கையில் என்ன எடுத்துப் போவது?

மஞ்சப்பை, தண்ணீர் பாட்டில், மதியத்துக்குப் புளிசாதம். அரங்குக்குள் சாப்பிட விடமாட்டார்கள், வெளியே மரத்தடி இருக்கும். குளிர்சாதனம் கடுமையாக இருப்பதால் ஒரு துண்டோ சால்வையோ. ஒரு நோட்டும் பேனாவும். முடிந்தால் உங்கள் வயலின் படங்கள் நாலைந்தைக் கைபேசியில் வைத்திருங்கள். இடைவேளையில் யாராவது உங்கள் ஊர் எது என்று கேட்பார்கள், அப்போது காட்டலாம்.